பீரோவில் பூட்டிய சிப் கையேடு

என் புரோகிராமைக் கெடுத்தது நீங்கள்தான். தெரிந்தே கெடுத்தீர்கள். போன மாதம் டெல்லித் தமிழ்ப் பொறியாளர்கள் சங்கக் கூட்டத்தில், "நாங்க செஞ்ச டிவி கேம் நல்ல சாமான்தான். புரோகிராம் எழுதுனவன் அரைகுறை" என்று சொல்லிவிட்டு வடை தின்னப் போனீர்கள். அந்த அரைகுறை நான்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், டெல்லி முனிர்காவில் வாடகை அறை பிடித்து உங்கள் கம்பெனியில் சேர்ந்தேன். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி செய்தோம். அதில் படம் வரையும் சிப் வெளிநாட்டுச் சரக்கு. அதற்கு ஒரே ஒரு கையேடு. அது உங்கள் இரும்பு பீரோவில்.

"சார், அந்த புக்க ஒரு தடவ காட்டுங்க."

"எதுக்குடே? படிச்சிட்டு வேற கம்பெனிக்கு ஓடவா? வேண்டியத நானே எழுதித் தாரேம்லா."

தந்தீர்கள், இரண்டு தாள். எந்த எண்ணை எங்கே அனுப்பினால் பந்து நகரும், எங்கே அனுப்பினால் நிறம் மாறும். அவ்வளவுதான். அதை நம்பி ஆறு மாதம் எழுதினேன். ஒரு பந்து, ஒரு மட்டை இருந்தவரை ஒழுங்காக ஓடியது. கடைக்காரர்களுக்குக் காட்டப் போகிறோம், செங்கல் சுவரும் இன்னொரு பந்தும் சேர் என்றீர்கள். சேர்த்தேன். அவர்கள் கண்முன்னே மட்டையில் பாதியைக் காணோம், செங்கல்கள் திரை முழுக்கச் சிதறின.

"அரே, டிவி கராப் ஹை க்யா?" என்று சிரித்தார் ஒருவர்.

"டிவி டீக் ஹை ஜி. லட்கே கா புரோகிராம் பேக்கார் ஹை" என்றீர்கள். டிவியில் குறையில்லையாம், பையனின் புரோகிராம்தான் உதவாதாம்.

மறுநாள் என்னை வெளியே அனுப்பினீர்கள். வேலை தெரியாதவன் என்று கடிதத்திலும் எழுதினீர்கள். அதைக் காட்டி எங்கே வேலை கேட்பது? ஒன்றரை வருடம் ஒரு வக்கீலிடம் டைப் அடித்தேன்.

பிறகு கிடைத்த வேலையில் அதே கையேடு எல்லோருக்கும் பொதுவாக மேசைமேல் கிடந்தது. சிப் படம் வரைந்துகொண்டிருக்கும்போது வேகவேகமாக எண்களை அனுப்பினால் பாதி தொலைந்துபோகும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் சிறு இடைவெளியில்தான் நிறைய அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரி அதில் கட்டம் போட்டு அச்சாகியிருந்தது. நீங்கள் தந்த இரண்டு தாளில் இல்லை. உங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்கள் கம்பெனியில் தினமும் காலையில் அதே சிப்பில் நீங்களே எழுதி ஓட்டிய சோதனைப் படத்தில் என் செங்கல்களைவிட அதிகக் கட்டங்கள் நகர்ந்தன. ஒரு நாளும் ஒன்றுகூடச் சிதறவில்லை.

வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சமாதானம் பேச வேண்டாம். இந்தச் சங்க மலரின் அடுத்த இதழில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்: அந்த வரியை எனக்கு ஏன் தரவில்லை?