சீட்டு ஒட்டிய சிவப்பு வாளி

போன வெள்ளிக்கிழமை என் மருமகள் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆரஞ்சு நிறப் பையோடு வந்தாள். வேலை செய்யும் கம்பெனியில் பரிசாகக் கொடுத்தார்களாம். "ஒரு வருசமா ஒருநாள்கூட லீவ் போடலைங்கறதுக்காகக் குடுத்தாங்க மாமா" என்று மேசைமேல் வைத்தாள். வெள்ளமோ நெருப்போ நிலச்சரிவோ வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கான சாமான்கள் அடங்கிய பை. நான் பிரித்து எண்ணினேன். பதினேழு. கூட இருந்த பட்டியலில் பதினெட்டு. மூன்றாம் முறை எண்ணியபோதுதான் விசிலைப் பையின் வாரிலேயே தைத்திருப்பது தெரிந்தது.

"ரிட்டையர் ஆகியும் ஸ்டோர் கிளார்க் வேலையை உடலைங்களா மாமா?" என்று சிரித்தாள்.

விட முடியவில்லை. அருவங்காட்டில் எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து நாற்பத்தொரு படிகள். ஒரு மழையில் ஒரு படி உடைந்து நாற்பது ஆனபோது இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி இருந்தவரை, கல்யாணத்தன்று மாலையில் எத்தனை பூ என்று எண்ணிய ஆள் இவர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது பொய். பாதி மாலைதான் எண்ணினேன். அதற்குள் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

பையின் அடியில் மடித்துவைத்த ஒரு தார்ப்பாய் இருந்தது. அதைப் பிரித்ததும் வந்தது அந்த வாசனை. புதுத் தார்ப்பாய்க்கென்று ஒரு வாசனை உண்டு, நீங்களும் முகர்ந்திருப்பீர்கள். ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல. நடுவட்டம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் என் ஸ்டோர் ரூம் முழுக்க அந்த வாசனைதான் இருக்கும். அங்கே ஜூன் தொடங்கிவிட்டால் துவைத்த சட்டை காய ஒன்பது நாள் ஆகும். காயாத சட்டையைக் கரி அடுப்பின்மேல் பிடித்து, புகை நாற்றத்தோடே மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவோம். எல்லோரும் அப்படியே நாறியதால் யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

அந்த எஸ்டேட்டில் வருடத்தில் அதிக நாள் வேலைக்கு வந்த இருபது பேருக்கு ஜனவரியில் பரிசு கொடுப்பது வழக்கம். எவர்சில்வர் குடம். பிறகு ஒரு புது மானேஜர் வந்தார். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலம் ஆகியும் மானேஜர் யாரானாலும் எங்களுக்குத் 'தொரை'தான். அவர் வந்த வருடம் மழையில் மூன்று நாள் பாதை அடைபட்டுக் கிடந்தோம். அடுத்த ஜனவரியில் குடத்துக்குப் பதிலாக மூடி போட்ட சிவப்பு வாளி வந்தது. உள்ளே ஒரு டார்ச், இரண்டு செல், பன்னிரண்டு மெழுகுவர்த்தி, பாலிதீனில் சுற்றிய தீப்பெட்டி, ஒரு விசில், பஞ்சும் துணிக்கட்டும், ஒரு தார்ப்பாய், முப்பது அடிக் கயிறு. வாளிக்கு எட்டு வகை.

பாக்கியத்துக்கும் ஒன்று கிடைத்தது. கொழுந்து பறிப்பவள். அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது இலங்கையிலிருந்து வந்த குடும்பம். இங்கே எல்லோரும் 'லைன்' என்று சொல்லும் தொழிலாளர் குடியிருப்பை அவள் கடைசிவரை 'லயம்' என்றுதான் சொன்னாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, போன வருசம் தண்ணி எடுக்கக் குடம் குடுத்தீங்க. இந்த வருசம் வெளக்கும் கயிறுமா? தொரை என்னைய கெணறு எறங்கச் சொல்றாரா?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அவள் புருஷன் அந்தோணி, "எறங்கு, மேல நின்னு விசில் ஊதுறேன்" என்றான்.

ஆறு மாதத்தில் தொரை லயங்களைச் சுற்றிப்பார்த்தார். ஒரு வீட்டில் தார்ப்பாய் விறகின்மேல் கிடந்தது. இன்னொன்றில் கயிறு ஆட்டின் கழுத்தில். விசில் எல்லாம் பிள்ளைகளின் வாயில். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்போது நான்தான் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு மூடியிலும் என் கையெழுத்துப் போட்ட காகிதச் சீட்டை ஒட்டிவிடலாம், ஜனவரிக்கு ஜனவரி நானே போய்ப் பிரித்து எண்ணிவிட்டு மறுபடி ஒட்டுகிறேன் என்றேன். தொரைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: மூன்று வருடம் வாளி குறையாமல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஃபேக்டரியில் வேலை.

அதன்பிறகு வாளி வாளியாக இல்லை. பாக்கியம் அதை முன்னறைப் பலகையில், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே பூப்போட்ட துணி. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போனால் சிம்னி விளக்குதான் ஏற்றினார்கள். பன்னிரண்டு மெழுகுவர்த்தியும் வாளிக்குள் தூங்கின. ஜனவரியில் நான் பதிவேட்டோடு போய்ச் சீட்டைப் பிரித்து எண்ணுவேன். டார்ச் ஒன்று, செல் இரண்டு. ஒருமுறையாவது அந்த டார்ச்சை அழுத்திப் பார்த்தேனா என்றால், இல்லை. எண்ணுவதற்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாம் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் வாளியில் இரண்டு மெழுகுவர்த்தி குறைந்தது. பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஏற்றினாராம். பெயரை அடித்தேன். பாக்கியம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மெழுகுவத்திக்காங்கய்யா?"

"ரெண்டானாலும் குறைவு குறைவுதான்."

அவள் உள்ளே போய்த் தன் வாளியின்மேல் இருந்த துணியைச் சரிசெய்தாள்.

மூன்றாம் வருடம் ஆடியில் ஐந்து நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு, மூடுபனியில் ஆபீஸ் வாசலே தெரியாத நேரத்தில், பாக்கியம் வந்தாள். குடை இல்லை. முழங்கால்வரை சேறு. தலையில் சிவப்பு வாளி.

"மேட்டு மண்ணு சரிஞ்சிருச்சுங்கய்யா. அடுப்படி விழுந்திருச்சு. அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு, பேசுறாரு. உத்தரத்தைக் கயிறு கட்டி இழுக்கணும்கிறாங்க." வாளியை இறக்கி என் மேசைமேல் வைத்தாள். முன்னறை விழாமல் நின்றதால் அது அப்படியே இருந்தது. காகிதம் நனையக்கூடாதென்று மூடியைப் பூப்போட்ட துணியால் கட்டியிருந்தாள். "சீட்டைப் பிரிச்சுக்கலாங்களா?"

லயத்திலிருந்து ஆபீசுக்கு ஏற்றம். இருபது நிமிடம்.

இதை நான் இதுவரை எழுதியதில்லை. என் கை முதலில் அலமாரிக்குப் போனது, வாளிப் பதிவேட்டை எடுக்க. பக்கத்தைக்கூடப் புரட்டிவிட்டேன். பிறகுதான் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஃபோனில் தொரையை அழைத்துச் சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்தேன். டார்ச்சை அழுத்தினேன், எரியவில்லை. இரண்டு செல்லும் கசிந்து பச்சை பூத்திருந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கி ஓடினோம். பன்னிரண்டு நிமிடம். அங்கே ஆண்கள் சேலைகளை முடிச்சுப் போட்டு இழுத்து, அவை கிழிந்து, கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி நாலே இழுப்பில் உத்தரம் வந்துவிட்டது. அந்தோணிக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "கிளார்க்கய்யா, விசிலு?" என்று கேட்டான். சிரிக்கப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரியிலேயே, பைக்காரா தாண்டுமுன் போய்விட்டான்.

அந்த முப்பத்திரண்டு நிமிடத்தால்தானா என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

ஜனவரியில் பாக்கியம் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். மற்ற சாமான்களைத் துடைத்து அடுக்கியிருந்தாள்.

"எண்ணிக்கங்கய்யா. கயிறு மட்டும் இல்ல. கல்லறையில அவரை எறக்குனது அந்தக் கயித்துலதான். திருப்பி எடுக்க மனசு வரல."

ஏழு வகை இருந்தது. பதிவேட்டில் எட்டு என்று எழுதினேன். நாற்பது வருட வேலையில் நான் அறிந்தே தப்பாக எழுதிய எண்ணிக்கை அது ஒன்றுதான். அவள் மகளுக்கு ஃபேக்டரி வேலை கிடைத்தது. மூன்றே வருடம். பிறகு ஃபேக்டரியை மூடினார்கள், தாயும் மகளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனதாகச் சொன்னார்கள். விலாசம் யாரிடமும் இல்லை.

மருமகளின் பையில் இருந்த பிளாஸ்டிக் உறைகளையெல்லாம் அன்றே கத்தரித்துவிட்டேன். டார்ச்சைத் தினமும் காலையில் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். "ஷோகேஸ்ல வைக்கலாம்னு இருந்தேன், எல்லாத்தையும் பிரிச்சுட்டீங்களே மாமா" என்று அவளுக்கு வருத்தம்.

நேற்று பஸ் பிடித்து நடுவட்டம் போனேன். பராமரிப்பு இல்லாத தேயிலை என் தலைக்குமேல் மரமாக வளர்ந்து நிற்கிறது. ஆபீஸ் இருந்த இடத்தில் கதவுகூட இல்லை. லயத்துச் சுவர்கள் போய், புல்லுக்குள் அடுப்பு மேடைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. பாக்கியத்தின் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். குடையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினொன்று வந்தது. திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணினேன்.