தண்ணீர் லாரி கடந்து போகையில்

திறந்தவெளிச் சுரங்கத்தில் என் ஜீப்பைக் கண்டாலே டம்பர் ஓட்டுகிறவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். இத்தனைக்கும் நான் யாரையும் திட்டுகிறவன் இல்லை. நிலக்கரி ஏற்றிய டம்பர்கள் ஏறி இறங்கும் மண் சாலைகள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அகலம் போதுமா, சரிவு கூடிவிட்டதா, ஓரத்து மண் அணை அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியின் சக்கர உயரத்துக்கு நிற்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் சாலையை மூடச் சொல்வேன். மூடினால் எல்லாருக்கும் வேலை கெடும். அப்படிப்பட்டவனோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? கேண்டீனில் நான் போய் உட்கார்ந்தால் அந்த மேசையில் பேச்சு நின்றுவிடும். எனக்கும் ரோஷம் உண்டு. ஜீப்பிலேயே டிபன் பாக்ஸைத் திறக்க ஆரம்பித்தேன்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவிக்குத் திருச்சியில் வேலை, மகள் படிப்பும் அங்கேயே. சிதம்பரத்தில் வாடகை வீட்டில் நான் ஒண்டியாள். ஜீப் கம்பெனியுடையது, சுரங்கத்தோடு சரி. காலையில் சேத்தியாத்தோப்பு வழியாக பஸ்ஸில் வந்து, மாலையில் அதே வழியில் திரும்புவேன். கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொன்னதைத் தவிர வாயே திறக்காத நாள்களும் உண்டு.

இந்த லட்சணத்தில் எனக்கு வாய்த்த ஒரே துணை, தூசி அடங்கச் சாலைக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரியின் டிரைவர். காடாம்புலியூர்க்காரன். என் மனைவி பிறந்ததும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்த அன்றே உறவு வைத்துவிட்டான்.

"எங்க ஊரு பொண்ணக் கட்டியிருக்கீங்க. அப்ப எனக்கு மாமாதான்."

மதியம் லாரியை என் ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவான். பலாக்கொட்டைக் குழம்பில் பாதியைக் கேட்காமலே என் டப்பாவில் கவிழ்ப்பான். குசும்பு ஜாஸ்தி அவனுக்கு. ஆளையோ வண்டியையோ கடக்கும்போது தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது விதி. என் ஜீப்பைக் கண்டால் மட்டும் முழுசாகத் திறந்துவிடுவான். அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே உள்ளிருந்து கத்துவேன்.

"ரூல்ஸ் எல்லாம் மத்தவங்களுக்குதான். மாமாவுக்கு ஏது ரூல்ஸு?" என்பான்.

அந்தப் பள்ளத்தில் தூசியில்லாத ஜீப் என்னுடையது மட்டும்தான். வீட்டுக்குப் போய் நனைந்த சட்டையைக் காயப்போடும்போதும் சிரிப்பு வரும். ஒருவன் என்னோடு விளையாடுகிறான் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு கோடையில், மேலிடத்திலிருந்து சாலைகளைப் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. முதல் நாள் சாப்பிடும்போது அவனிடம் புலம்பினேன். காற்று வேறு சுழற்றிச் சுழற்றி அடிக்கிறது, தூசி பறந்தால் என் தலையைத்தான் உருட்டுவார்கள் என்றேன். அவன் கை கழுவிக்கொண்டு லாரிக்குப் போனான்.

மறுநாள் காலை தூரத்திலிருந்தே பார்த்தேன். பெரிய இறக்கத்தில் தூசியே இல்லை. அப்பாடா என்றிருந்தது. கிட்டே போகப் போகத்தான் தரை முழுக்க ஈரமாக மின்னுவது தெரிந்தது. இறக்கத்தில் ஒரே சீராகத் தண்ணீர் விடக் கூடாது. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காய்ந்த தரை என்று விட்டுவிட்டுத் தெளித்தால்தான் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அன்று எனக்காக உச்சியிலிருந்து அடிவரை குளிப்பாட்டியிருந்தான்.

நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டுவதற்குள் மேலிருந்து வந்த டம்பர் வழுக்கியது. பக்கவாட்டில் சரிந்து வந்து ஓரத்து மண் அணையில் மோதி நின்றது. அந்தப் பக்கம் அதலபாதாளம். டம்பர் ஓட்டியவர் இறங்கி வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அடி ஒன்றும் இல்லை. நான் சாலையை மூடினேன்.

லாரியை நிறுத்திவிட்டு அவன் ஓடி வந்தான்.

"ஒங்களுக்காவதான் மாமா செஞ்சேன். தூசி பறந்தா ஒங்களத் திட்டுவாங்கன்னுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வால்வு ஒழுவிச்சின்னு சொல்லிடுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பாங்க."

டம்பர் ஓட்டியவர் இன்னும் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. விசாரித்தவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எனக்காகச் செய்தான் என்பதையும் சொன்னேன். அது யார் காதிலும் ஏறவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

அவனை லாரியிலிருந்து இறக்கிப் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி லாரியைக் கொடுத்தார்கள். அவன் திரும்பி வரும் நாளில் சிதம்பரத்திலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வாங்கிப் போனேன். மதியம் இறக்கத்தின் அடியில், வழக்கமான இடத்தில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தேன்.

லாரி உச்சியில் தெரிந்தது. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காய்ந்த தரை, மறுபடி ஈரம். அளந்து வைத்தாற்போல் தெளித்துக்கொண்டு வந்தான். அவன் நெருங்கியதும் கண்ணாடியை இறக்கிவிட்டேன். நனைந்தால் நனையட்டும் என்றிருந்தது.

எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே தண்ணீர் நின்றது.

"வணக்கம் சார்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

லாரி என்னைத் தாண்டி நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான் தண்ணீர் மறுபடி திறந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. ஜீப்பின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கொத்சுப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு ஆளுக்கு அது ரொம்ப ஜாஸ்தி.