லேவியின் குடம்

“…அதனால்தான் இந்த வாசலுக்கு அப்பால் நான் வரமாட்டேன். எங்கள் குலத்துக்கு மயானம் ஆகாது,” என்றார் கோகன்.

1976 ஓகஸ்ட், ஞாயிறு காலை பத்தேகால் மணி. மெல்பேணின் நோபல் பார்க்கிலிருந்து காரில் மூன்று மைல் ஓடி, யூதர் மயானத்தின் முன்னால் நிற்கிறோம். நல்ல குளிர். கார், நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் சிவலிங்கத்துடையது. கோகன் அவருடைய பக்கத்து வீட்டுத் தையற்காரர், எழுபது வயது.

வழியெல்லாம் பெயர்க்கதைதான். கோகன் என்றால் பூசகர் என்று பொருளாம். முதற் பூசகரான ஆரோன் வழியில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது.

“எங்கள் கோயில் இடிந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம். வேலை போய்விட்டது, விதிகள் போகவில்லை!”

“அண்ணை, அவ்வளவு காலம் வேலையில்லை எண்டால் இஞ்சத்தை யூனியன்காரர் சும்மா விடுவினமோ?” என்று என்னிடம் சொன்ன சிவலிங்கம், அதையே அவருக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். கிழவர் குலுங்கிச் சிரித்தார்.

லேவி என்ற பெயரைச் சொன்னபோதுதான் குரல் தணிந்தது. ஆதியில் புருஷனின் அன்புக்கு ஏங்கிய ஒருத்தி, மூன்றாவது பிள்ளையைப் பெற்றதும், ‘இனியாவது அவர் என்னோடு சேர்ந்திருப்பார்’ என்று வைத்த பெயராம். பூசகர் சபையை ஆசீர்வதிக்குமுன் அவர் கையில் தண்ணீர் வார்ப்பது அந்தப் பிள்ளையின் வழிவந்த குலத்தின் பணி. கோகனுக்கு இருபத்திரண்டு வருஷம் வார்த்தவர் அவருடைய சிநேகிதர் லேவி. பிள்ளைகள் இல்லாத மனிதர். போன வருஷம் காலமானபோது கோகன் வேலிக்கு வெளியேதான் நின்றாராம். கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவைத்தவரும் அவரே. லேவி குலத்தின் அடையாளமான குடத்தை அதில் செதுக்கச் சொன்னாராம்.

“பார்த்தவர்கள் எல்லாரும் ‘நன்றாயிருக்கிறது’ என்கிறார்கள். அது எனக்குப் போதாது. குடம் எப்படி இருக்கிறதென்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.”

ஒரு டொலர் இருபது சதத்துக்கு நான் வாங்கிவந்த பூங்கொத்தை மெல்ல விலக்கிவிட்டு, தன் தோட்டத்துக் கூழாங்கல் ஒன்றை என் கையில் வைத்தார். அவர்கள் கல்லறையில் பூ வைப்பதில்லையாம், கல்தானாம்.

“போய்ப் பாத்திட்டு வாங்கோ அண்ணை, நான் இவரோட நிக்கிறன்,” என்றார் சிவலிங்கம்.

மூன்றாவது வரிசை, ஒன்பதாவது கல். எனக்குத் தெரியாத எழுத்துகளுக்கு மேலே குடம் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். கூழாங்கல்லை வைத்தேன்.

வாசலில் கோகன் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“நிமிர்ந்திருக்கிறதா, சரிந்திருக்கிறதா?”

“சரிந்திருக்கிறது. யாருக்கோ வார்ப்பதுபோல.”

வெளியே வருபவர்கள் கை கழுவ வாசலருகே குழாயும், இரண்டு பிடி வைத்த தகரக் குவளையும் இருந்தன. நான் குவளையை எடுக்கப் போனேன். கோகன் முந்திக்கொண்டார். அதை நிரப்பி, என் கைகளை நீட்டச் சொல்லி, தானே வார்த்தார்.