காட்டெருமைக்கு வெச்ச பாட்டு

மஞ்சூருல எங்க ஊட்டுக்குப் பின்னால கொஞ்சம் கோசு போட்டிருக்கறேனுங்க. கொழம்புக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான். பொழுதெறங்குனா தேயிலைக்காட்டுல இருந்து காட்டெருமை வந்துரும். அதை வெரட்டத்தான் வேலியில ஒரு பாட்டுப்பொட்டியைக் கட்டி உட்டேன். அப்பறம் ஒரு எலை போகலை.

பொட்டியில கெடக்கற பாட்டெல்லாம் யார் யாரோ ஏத்திக் குடுத்தது. ஒண்ணு காதுல ரகசியம் சொல்றாப்புல பாடும். அடுத்தது கோயில் மைக் செட்டாட்டம் கத்தும், கையில இருக்கற டீ மடிக்கு வந்துரும். என்ற ஊட்டுக்காரரும் அப்படித்தான், காலையில பூனை, சாயங்காலம் புலி. அவரைச் சரி பண்ண ஒரு கம்ப்யூட்டரும் வரலை.

கோயமுத்தூருல காலேஜ் படிக்கற மகவயித்துப் பேத்தி லீவுக்கு வந்தா. வந்தன்னைக்கே பாட்டு திடீர்னு கத்துனதுல தூக்கிவாரிப் போட்டுருச்சு அவளுக்கு. பொட்டியில பாட்டு இருக்கற மெமரி கார்டைக் கழட்டி லேப்டாப்புல சொருகி, எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டாறேன்னா. ஏங்கண்ணு, கத்தறதுல இருந்து கொஞ்சம் மோந்து மெதுவாப் பாடறதுல ஊத்துவியான்னு கேட்டேன். அப்படியில்லைன்னு என்னென்னமோ சொன்னா. தலையை ஆட்டுனேன். அதுக்கென்ன, படிப்பா வேணும்?

அப்பறம் எல்லாப் பாட்டும் ஒரே சீராப் பாடுச்சு. நல்லாத்தானுங்க இருந்துச்சு, கேட்டுட்டே தூங்கிப் போயிட்டேன். முழிச்சுப் போய்ப் பாத்தா, ஒரு காட்டெருமை பொட்டிக்குப் பக்கத்துலயே நின்னு பந்தியில உக்காந்த மாப்பிள்ளையாட்டம் மெதுவா மென்னுட்டிருக்குது. பாதிக் கோசு காலி. கதவுக்குள்ள நின்னு தட்டத்தைத் தட்டுனதுக்கப்பறந்தான் நகந்துச்சு.

பேத்தி யோசிச்சுட்டு, "அம்மிச்சி, அது பாட்டுக்குப் பயப்படலையாட்ட இருக்குது. திடீர்னு கத்துனதுக்குத்தான் பயந்திருக்கு"ன்னா.

அப்படின்னா பக்கத்தூட்டுல பாட்டே வெக்கறதில்லையே, அவங்க கேரட்டுல ஏன் வாய் வெக்கலைன்னு கேட்டேன். எனக்கு அதுலதான் மண்டை கொழம்பிப் போச்சு. சத்தம் இருந்தா வருதா, இல்லாட்டி வருதா, இல்லை கோசுதான் அதுக்குப் புடிக்குதா?

சரி, பழையபடி மேடும் பள்ளமுமாப் பண்ணிக் குடுன்னேன்.

"பழசை அழிச்சுட்டேனே அம்மிச்சி."

சீராக்கறதுக்கு மிசின் இருக்குதாம், கெடுக்கறதுக்கு இல்லையாம். அது மனுசனுக்குத்தான் வரும்போல.

இப்பப் பொட்டியை அவுத்து சமையக்கட்டு சன்னல்ல வெச்சிருக்கறேன். சாயங்காலமானா சவுண்டுத் திருகை நானே சடார்னு ஏத்தி எறக்கிட்டிருக்கறேன். பேத்தி பக்கத்துல நின்னு சிரிக்கறா. சிரிக்கட்டும், மிச்சம் இருக்கற பாதி என்ற கோசு.

நேத்து அது மறுக்கா வந்துச்சு. சத்தத்தை ஏத்துனேன், நின்னுச்சு. எறக்குனேன், அப்பவும் நின்னுச்சு. உள்ளயும் வரலை, திரும்பியும் போகலை. அது என்னையப் பாக்குது, நான் அதைப் பாக்கறேன், இனி ஏத்தறதா எறக்கறதான்னு தெரியாம திருகைப் புடிச்சுட்டு நிக்கறேன்.