முற்றத்துப் பட்டிப்பூ

பட்டிப்பூவை இப்போது சட்டியில் வைத்துச் சாம்பல் போட்டு வளர்க்கிறார்கள். நித்தியகல்யாணி என்று மங்கலமாகப் பெயரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த ஊதா நிறத்தைக் கண்டால் நான் இன்றும் விலகித்தான் நடப்பேன்.

நெடுந்தீவில் எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் யாரும் அதை வீட்டில் வைப்பதில்லை. அது சேமக்காலைச் செடி. கடற்கரைச் சேமக்காலை மணலில், கல்லறைகளின் மேல், ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே ஆண்டு முழுவதும் பூத்துக் கிடக்கும். ஒரு பூவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அப்படிச் சொன்ன அம்மாவே அதைக் கொண்டுவந்தார்.

ஐயா மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்தார். நான் கைக்குழந்தையாய் இருந்தபோது போனவர். தகப்பன் முகம் எனக்குப் படத்தில்தான் தெரியும். யப்பான் சண்டை தொடங்கியதும் கடிதம் நின்றது. சண்டை முடிந்து கப்பலில் திரும்பிய ஊர்காவற்றுறைக்காரர் ஒருவர் வள்ளம் பிடித்து எங்களிடம் வந்தார். யப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களில் ஐயாவும் ஒருவர், செத்தவர்களின் பெயரை வாசித்தபோது அவர் பெயரை என் காதால் கேட்டேன் என்றார். அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

ஐயாவின் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தோம். அம்மா தாலியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஆனால் உடல் இல்லாதவருக்குச் சேமக்காலையில் குழி கிடையாது. சகல ஆத்துமாக்கள் திருநாளில் எல்லோரும் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த, நாங்கள் கையில் திரியோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினோம். மாரி மழை பிடித்ததும் அம்மா சேமக்காலையிலிருந்து சில கன்றுகளைக் கிண்டி வந்தார். முற்றத்தில் ஆள் நீளத்துக்கு மண் அணைத்து, சுற்றிவர முருகைக்கல் அடுக்கி நட்டார்.

ஐயாவின் தமக்கை, என் மாமி, வேலிப் படலைக்குள் கால் வைக்கவே மறுத்தார்.

"பிரேதத்தைக் காணாமல் குழி வைக்கிறியோ? அவன் வந்தால் என்ன செய்வாய்?"

"வந்தால் நானே புடுங்கி எறியிறன் மச்சாள். வரச் சொல்லுங்கோ."

மாரி போய், சோளகக் காற்று வீசும் காலத்தில் ஐயா வந்தார்.

சொல்லி அனுப்பவில்லை. எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் படலையில் நின்றார். அம்மா கத்தினார். ஐயா முதலில் மண்மேட்டைப் பார்த்தார், பிறகு அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். "ஓம்" என்று ஒத்துக்கொள்வதுபோல மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். நான் குசினிக்குள் ஓடி அடுப்புக்குப் பின்னால் ஒளிந்தேன். செத்தவர் வந்தால் வேறென்ன செய்வது?

அம்மா தாலியைத் திரும்பப் போட்டார். ஆனால் செடியைப் பிடுங்கக் குனிந்தபோது கை வரவில்லை. கல்லறையைக் கலைத்தால் அது ஆளைக் கேட்கும் என்பது எங்கள் ஊர்ப் பயம். தண்ணீர் விடாமல் விட்டால் தானாகச் சாகும் என்று முடிவுகட்டினார். அதன் குணம் தெரியாதவர்போல!

அந்த வருஷம் வெயில் மண்ணைப் பிளந்தது. கிணறு உப்புக் கரித்துச் சவரானது. கறிவேப்பிலை செத்தது, முருங்கை இலை கொட்டியது. பட்டிப்பூ மட்டும் தளதளவென்று பூத்தது. உள்ளே ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. செடியோ ஐயாவோ, இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்று நான் நம்பினேன். விடிந்ததும் முதலில் செடியைப் பார்ப்பேன், பிறகு ஐயாவுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தப் பூவை எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல முடியாது.

ஒரு பின்னேரம், அம்மா தூரத்துக் கிணற்றில் அள்ளிவந்த நல்ல தண்ணீரை ஐயா செம்பில் எடுத்துப்போய் அந்த மேட்டில் ஊற்றினார்.

"என்ன செய்யிறியள்! அது சாகவேணும்!" என்று அம்மா ஓடினார்.

"அங்கை தண்ணி கேட்டுத்தான் செத்தவனாம். இஞ்சையும் குடுக்காமல் விடுறதோ?"

"ஆர்?"

ஐயா கல்லில் உட்கார்ந்தார். "சயாமுக்கு ஆள் எடுக்கப் பேர் கூப்பிட்டவங்கள். நான் காய்ச்சலிலை கிடந்தனான், எழும்ப ஏலாது. பக்கத்துப் பாயிலை கிடந்தவன் என்ரை பேருக்கு ஓம் எண்டு சொல்லி எழும்பிப் போனவன். நோய் வருத்தம் ஒண்டும் இல்லாத பெடியன்."

அதற்குப் பிறகு செடியைச் சாகடிக்கும் பேச்சு வீட்டில் எழவில்லை. அம்மாவே தண்ணீர் ஊற்றினார். ஆனால் இருட்டுப்பட்டால் அம்மாவும் நானும் முற்றத்தில் இறங்குவதில்லை. முன்பு கிடந்தது எங்கள் ஆள் என்று நினைத்தோம். இப்போது கிடப்பவர் முகம் தெரியாதவர்.

சகல ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அம்மா மேட்டில் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டு ஐயாவைப் பார்த்தார்.

"பேரைச் சொல்லுங்கோ. செபத்துக்குப் பேர் வேணும்."

"அவன்ரை பேர் தெரியாது. என்ரை பேரைச் சொல்லும். அதோடைதான் அவன் போனவன்."

அம்மா புருஷன் பெயரைத் தன் வாயால் ஒருநாளும் சொல்லாதவர். கண்ணீரோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

பக்கத்தில் உயிரோடு நின்ற ஐயாவின் பெயரைச் சொல்லி, அவருக்குச் செத்தவர்களுக்குரிய நித்திய இளைப்பாற்றி கேட்டேன். ஐயா தலையைக் குனிந்து "ஆமென்" என்றார்.