ரெஜினா டீச்சரும் தார் டிரம்மும்

ரெஜினா போய்விட்டாள்.

காலையில் விழுப்புரத்திலிருந்து அவள் தம்பி மகன் போன். "அத்தை தூக்கத்துலயே போய்ட்டாங்க ஆன்ட்டி." போன வாரம்தான் என்னோடு சண்டை போட்டு டக்கென்று போனைக் கட் பண்ணினாள். சமாதானம் பேசாமலே கிளம்பியாச்சு. இவளை என்ன செய்வது, சொல்லுங்கள்...

இதைப் படிக்கும் பலருக்கு அவளைத் தெரியாது. அறுபதுகளில், திண்டிவனத்துக்கு வெளியே, காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு சின்ன ஹாஸ்டல் ஸ்கூலில் நாங்கள் இருவரும் டீச்சர்கள். ஒரே ரூம், ஒரே வயது. பொறுமை மட்டும் என் ஒருத்திக்குத்தான்.

அங்கே அற்புதம் என்று ஒரு பெண் குழந்தை. ஒலக்கூர் பக்கத்து விவசாயி மகள். காதும் கேட்காது, கண்ணும் சரியாகத் தெரியாது.

அப்போதெல்லாம் பாடமே டீச்சரின் உதட்டைப் பார்த்து, தொண்டையைத் தொட்டு, பேசப் பழகுவதுதான். உதடே தெரியாத பிள்ளைக்கு என்ன பாடம்? நாள் முழுக்கச் சமையல்கட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஹெட்மாஸ்டர் முடிவே பண்ணிவிட்டார். "லீவு வுட்டதும் அப்பாரு கையில புடிச்சிக் குடுத்துடலாம்மா. இங்க இருந்துக்கினு என்ன பண்ணப் போவுது?"

ரெஜினாவுக்கு வந்ததே கோபம்! சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த முள்செடிகளை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். தொட்டு, முகர்ந்து, மிதித்து விளையாட அற்புதத்துக்கு ஒரு இடம் வேண்டுமாம். தனியாகச் செய்தாளா? என் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போச்சு.

ஒரு மூலையில் மணல், ஒரு மூலையில் களிமண் சேறு, வேலி ஓரம் துளசியும் கற்பூரவல்லியும். பிடித்துக்கொண்டு நடக்க மரத்துக்கு மரம் கயிறு. இதுவரைக்கும் சரி.

கால் வைத்தால் நொறுங்க வேண்டும் என்று எண்ணெய் மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக மல்லாட்டைத் தோல், அதான் வேர்க்கடலைத் தோல், வாங்கிவந்து கொட்டினாள். "எறும்பு வருமேடி" என்றேன். "நீ சும்மா இரு" என்றாள்.

எறும்பு வந்தது. எலி வந்தது. தோலோடு தப்பி வந்த கடலைப் பயிறைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பிள்ளைகள் சோற்றைத் தொடவில்லை. ஹாஸ்டல் ஆயா யாரைத் திட்டினாள் என்கிறீர்கள்? என்னை!

அடுத்தது தார் டிரம். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன காலி டிரம்மை இரண்டாக வெட்டிக் கவிழ்த்து, இரண்டுக்கும் மேலே நீளமாக ஒரு பலகை. ஒரு முனையில் நின்று காலால் தட்டினால் மறுமுனையில் நிற்பவர் நெஞ்சு வரைக்கும் அதிரும். பிள்ளைகள் அதை விட்டு இறங்குவேனா என்றார்கள். விடிந்தால் டமடம... பொழுது சாய்ந்தாலும் டமடம...

"தலையே வெடிச்சிடும்போல கீது, ஒரே பேஜாரு! ஜல்தியா அத்த எடும்மா!" ஹெட்மாஸ்டர் கத்தினார்.

"இந்த ஸ்கூல்ல காது கேக்கறது நம்ம நாலஞ்சு பேருக்குத்தான் சார். பஞ்சு தர்றேன், வெச்சிக்குங்க" என்றாள் இவள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அற்புதத்தையும் அந்தப் பலகையில் ஏற்றி நிறுத்தி, எதிர்முனையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள் ரெஜினா. பதிலே வரவில்லை. "விடுடி" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

ஒருநாள் வந்தது. சின்னதாக ஒரு தட்டு. அதற்கப்புறம் யார் தட்டினாலும் பதிலுக்குத் தட்டினாள் அற்புதம். சுவரில் முட்டுவது நின்றுபோனது. ஹெட்மாஸ்டரே இறங்கி வந்து, "சரிம்மா, இங்கியே இருக்கட்டும்" என்றுவிட்டார். அன்றைக்கு ரெஜினா ரூமில் குதித்த குதி இருக்கிறதே...

லீவு விட்டதும் அற்புதத்தின் அப்பா மாட்டுவண்டியில் வந்தார். மகள் பலகையின் அந்த முனையில் நிற்கிறாள். தூக்குவதற்காக இவர் இந்த முனையில் காலை வைத்தார். அவள் உடனே தட்டினாள். மனுஷர் திகைத்து நின்றுவிட்டார்.

"திரும்பத் தட்டுங்க" என்றாள் ரெஜினா. செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டினார். அவளும் தட்டினாள். தட்டிவிட்டுச் சிரித்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அப்புறம் எழுந்து சொன்னார். "பொறந்ததுலேர்ந்து என்னை இன்னாருன்னு கண்டுக்கினதே இல்லீங்க. இப்ப அப்பன்னு தெரிஞ்சிக்கினா பாருங்க! இனிமே எதுக்குங்க இங்க வுடணும்? நான் இட்டுக்கினு போறேன்."

யார் தட்டினாலும் அவள் தட்டுவாள் என்று ரெஜினாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொல்ல வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"ஊட்லயும் இது மாதிரி ஒரு பலகை..." என்று அவர் இழுத்தார். "எதுக்கு? இதையே ஏத்திக்கினு போங்க" என்றார் ஹெட்மாஸ்டர். அத்தனை சந்தோஷம் அவருக்கு! குழந்தையும் போச்சு, டிரம்மும் போச்சு.

வண்டி மறைந்ததும் ரெஜினா என் மேல் பாய்ந்தாள். "அந்தாளு புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போனதுல என்னாடி தப்பு? ஒண்ணும் தப்பில்லயே? அப்புறம் ஏன்டி எனக்கு வயிறு இப்படி எரியுது?"

நீ எண்பது தாண்டி, படுக்கையில் கிடக்காமல், தூக்கத்தில் போனதிலும் ஒரு தப்பும் இல்லை ரெஜினா. எனக்குத்தான் எரிகிறது.

போடி... போய் நிம்மதியாக இரு.