ஏழு நாள் குரல்

அப்பாவின் தொண்டையிலிருந்த கட்டியை எடுக்கும்போது குரல்வளையையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் நான் ஒரு ஆப் எழுதினேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை எனக்கு. புரோகிராம் எழுதுவது நானாக வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாலே ஏதோ பெரிய காரியம் நடக்கிறது என்று நம்புவார்கள். லேப்டாப்பும் போனும் ஒரே கம்பெனி தயாரிப்பு. இரண்டையும் வேலூர் லாங் பஜாரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஆப் முழுக்கப் படங்கள். படத்தைத் தொட்டால் அவர் குரலே பேசும். போனை அவர் வாயருகே பிடித்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்தேன். தோல் பதனிடும் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டியவர். அந்த டிரம் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, கத்துவதுதான் அவருக்குப் பேச்சு.

“மெதுவா சொல்லுப்பா.”

“மெதுவாத்தாண்டா சொல்றேன்!”

அதுவும் பதிவாகிவிட்டது. அழிக்காமல் அதற்கும் ஒரு படம் வைத்தேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரில போயி இப்டி கத்து, அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

அம்மாவைக் கூப்பிட ஒரு படம் வேண்டியிருந்தது. அப்பா அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “இன்னாமே, இங்க வா” என்று பதிந்தார்.

ஆபரேஷன் அன்று காலை ஆப்பைப் புதிதாக ஏற்றிப் போனை அவரிடமே விட்டேன். ஆபரேஷன் முடிந்து நினைவு தெளிந்ததும் முதலில் அந்த ‘இன்னாமே’ படத்தைத்தான் தொட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர், “இன்னா தலைவரே, தொண்டைய எடுத்தும் சவுண்டு கம்மியாவலியே?” என்றார். அப்பா விரலால் தேடி, “மெதுவாத்தாண்டா சொல்றேன்” படத்தை அழுத்தினார்.

ஆனால் போன் கம்பெனிக்குப் பணம் கட்டாதவன் தானே எழுதித் தன் போனில் போட்டுக்கொள்ளும் ஆப் ஏழு நாள்தான் ஓடும். அதற்குள் மறுபடி லேப்டாப்பில் இணைத்து ஏற்ற வேண்டும். ஏழாம் நாள் எங்கள் கம்பெனியில் கன்டெய்னர் லோடு ஏற்றும் வேலை; என்னால் போக முடியவில்லை. எட்டாம் நாள் பார்த்து, மூச்சு விடக் கழுத்தில் போட்டிருந்த துளையைச் சளி அடைத்துக்கொண்டது. அம்மா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். அப்பா படத்தைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஆப் திறக்கவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் எதேச்சையாகப் பார்த்து நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

“இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா…” என்று அம்மா போனில் ஆரம்பித்தாள்.

மறுநாள் ஆப்பை மறுபடி ஏற்றிவிட்டு, போனையும் லேப்டாப்பையும் தயாரித்த கம்பெனியின், ஆப் எழுதுகிறவர்களுக்கான டெவலப்பர் புரோகிராமில் சேர விண்ணப்பித்தேன். வருடச் சந்தா கட்டிச் சேர்ந்துவிட்டால் ஆப் ஒரு வருடம் ஓடும். படிவம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். என் அடையாள அட்டையில் இருந்ததோ வெறும் இனிஷியல். ஆள் யாரென்று விசாரித்து ஒத்துக்கொள்ள அவர்களுக்குச் சில நாள் ஆனது. அப்பா டிஸ்சார்ஜாகி வீட்டுக்கு வந்த அன்று வரவேற்பு மெயில் வந்தது.

உடனே உட்கார்ந்தேன். புதிய கணக்கிலிருந்து ஆப் ஏறவில்லை. போனில் இருக்கும் பழைய ஆப் என் பழைய இலவசக் கணக்கில் போட்டது, அதன்மேல் இது ஏறாது என்றது. சரி, பழையதை எடுத்துவிடலாம். அழித்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து அழியும் என்று போன் எச்சரித்தது. சோதனைக்காக எத்தனையோ முறை அழித்து ஏற்றியவன் நான். அந்த வரியைப் படிப்பதையே விட்டிருந்தேன். அழுத்தினேன். புதிய ஆப் ஒரு பிழையும் இல்லாமல் ஏறியது.

அப்பா ஒரு படத்தைத் தொட்டார். சத்தம் வரவில்லை. இன்னொன்றைத் தொட்டார். வால்யூமைக் கூட்டினேன். அப்போதுதான் உறைத்தது. அவர் குரல் பழைய ஆப்புக்குள் மட்டும்தான் இருந்தது. கம்பெனியில் ஒவ்வொரு பேப்பருக்கும் மூன்று காப்பி எடுத்து வைக்கிறவன், இதற்கு ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை.

“அழிஞ்சிடுச்சுப்பா. நான்தான் அழிச்சிட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. அதனால் என்ன, மறுபடி பதிந்துகொள் என்பதுபோல் போனை வாங்கி வாயருகே பிடித்தார். உதடு அசைந்தது. கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்தது. பிறகு அவரே போனை இறக்கினார்.

மீட்டுத் தருவதாகச் சொன்ன எல்லா வழியையும் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாதான் சொன்னாள்: “நீயே பேசிப் போடேன்டா. இன்னா இப்ப?”

பேசிப் போட்டேன். சாயங்காலம் அப்பா ஃபேன் படத்தைத் தொட்டார். “ஃபேனைக் கம்மி பண்ணு” என்றது என் குரல்.

அடுப்படியிலிருந்து அம்மா திரும்பாமலே கத்தினாள்: “ஏன்டா, எழுந்து நீயே கம்மி பண்றது? கால் இல்லியா?”

நான் எழுந்து கம்மி பண்ணினேன். அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். இப்போதெல்லாம் ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். என்ன வேண்டுமென்று நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கிறோம்.